ஆச்சியின் கணக்கு நோட்டு

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பருப்பில் ஆரம்பித்து, அவியல், எரிசேரி என்று பல துறைகளைக் கடந்து, கடைசியில் பால் பாயசத்தில் போளியைப் பிசைந்து சாப்பிடும் கட்டத்துக்கு வந்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து இலைக்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்தானே? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எங்கள் வேலையை எல்லாம் பார்த்துவிடும் என்கிறார்கள். வேறு ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டு மாறிவிடலாமா? அல்லது இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடித்த கதையாகிவிடுமா?"

வாய் நிறையப் போளியை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியுமா? நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி வைத்தேன். அதை அவர் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டாரோ, 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அவரைக் காணவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும்.

நான் சொல்லப் போவது என் சித்தியின் கதை. சித்தியைச் சொல்லுவதற்கு முன்னால் ஆச்சியைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் பணம் போட்டவள் ஆச்சி.

ஆச்சிக்கு வங்கி என்றாலே பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது. 1938-ஆம் வருஷம் அவளுக்குப் பத்து வயது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இரண்டு வங்கிகள் முந்தின வருஷம்தான் ஒன்றாகச் சேர்ந்து, 'திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்க்' என்ற பெயரில் தென்னிந்தியாவிலேயே பெரிய வங்கிகளில் ஒன்றாக விளங்கி வந்தது. அந்த வங்கி 1938 ஜூன் மாதத்தில் கதவைச் சாத்திவிட்டது. ஆச்சியின் தகப்பனார் இரண்டு பூவல் நெல் விற்ற பணத்தை அதில்தான் போட்டு வைத்திருந்தார். அன்றிலிருந்து ஆச்சி ஒரு வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பழையாத்துல போட்ட பைசாவை முங்கியாவது எடுக்கலாம். பாங்குல போட்டதை எங்க போய் முங்குகது?"

இப்படிப்பட்ட ஆச்சி, அறுபது வருஷம் கட்டிக் காத்த விரதத்தை ஒரே ஒரு முறை கைவிட்டாள். சித்தியை நம்பித்தான் கைவிட்டாள்.

சித்தி பி.காம். படித்தவள். 1990-களில் நாகர்கோவிலில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கராக இருந்தாள். சம்பளம் 3,200 ரூபாய். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்திருந்தன. வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி என்று பலகை மாட்டியிருப்பார்கள். வங்கிகளில் அப்போது கிடைத்ததைப் போல அது ஏறக்குறைய இரு மடங்கு. தோப்பில் தன் பங்கை விற்று வந்த 40,000 ரூபாயை ஆச்சி கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நான்தானே அங்கே கணக்கு எழுதுகிறேன்? பயப்படாமல் போடுங்கள்" என்றாள் சித்தி. ஆச்சி போட்டாள். மாதம் 800 ரூபாய் வட்டி வந்தது. அதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வாள்.

பதினான்கு மாதம் வந்தது. 1998-ல் ஒரு நாள் காலை, நிறுவனத்தின் இரும்புக் கதவு திறக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாத்திய கதவுக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. கையில் ரசீது. சிலர் அழுதார்கள், சிலர் கத்தினார்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வு பெற்றபோது வந்த பணம், வளையலை விற்ற பணம், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. அல்லது இல்லாமல் இருந்தன.

நாகர்கோவிலில் மட்டும் நடந்ததல்ல இது. தமிழ்நாடு முழுவதும் அந்தச் சில வருஷங்களில் பல நிறுவனங்கள் இப்படி மூடின. காரணம் மிகவும் எளிது. ஒருவருக்கு 24 சதவீதம் வட்டி கொடுக்க வேண்டுமானால், அதைவிட அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து, அவ்வளவும் தவறாமல் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால்? இன்று பணம் போடுகிறவரின் முதலை எடுத்து, நேற்றுப் போட்டவருக்கு வட்டியாகக் கொடுப்பார்கள். புதிய ஆள் வருகிற வரையில் வண்டி ஓடும். 1997-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், சொந்த நிதியாகக் குறைந்தது 25 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். அதே வருஷம் தமிழக அரசும் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஆனால் ஓடிப் போனவனைப் பிடித்து, சொத்தை ஏலம் போட்டு, பங்கு பிரித்துக் கொடுப்பது ஒரு நாளில் நடக்கிற காரியமா?

சித்தி மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஆனால் அவள் சொல்லை நம்பிப் பணம் போட்ட ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் சித்தி இரண்டு நாள் அழுது தீர்த்திருப்பாள். பேசாமல் இருந்ததுதான் அவளைத் தூங்க விடவில்லை.

சித்தப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். சோற்றுக்குக் கஷ்டமில்லை. "வேறு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போயேன்" என்றார். "இன்னொருத்தன் பெட்டிக்கு இனிமேல் நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று சித்தி மறுத்துவிட்டாள். அப்புறம் என்ன செய்தாள் என்கிறீர்கள்? மணிமேடை அருகில் புதிதாகத் திறந்திருந்த ஒரு இணைய மையத்துக்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

இந்தியாவில் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் தொடங்கி வைத்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்த பிறகு, எங்களைப் போன்ற ஊர்களிலும் இணைய மையங்கள் தலை காட்டின. மணிக்கு 40 ரூபாய். டெலிபோன் கம்பி வழியாக மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒரு வழியாக இணைப்புக் கிடைக்கும். ஒரு படம் திரையில் முழுதாகத் தெரிவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். மேலிருந்து கீழாக, வரி வரியாக, திரைச்சீலையை இறக்குவது போல அது இறங்கும்.

சித்தி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஜெனீவா அருகில் 'செர்ன்' ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் வகுத்த முறை அது. அந்தக் கூடத்தார் 1993-ல் அதை யாரும் காசில்லாமல் உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த தர்மத்தில் வடசேரியில் ஒரு கணக்கர் பிழைத்தாள். முறை என்னவென்றால், எழுத்துக்கு முன்னால் ஒரு குறி போட்டுத் திறக்க வேண்டும். பின்னால் ஒரு குறி போட்டு மூட வேண்டும். ஒன்றை மூட மறந்தால் பக்கம் முழுவதும் கோணிக்கொள்ளும்.

"இதில் என்ன பெரிய வித்தை? பற்று எழுதினால் வரவு எழுத வேண்டும். அவ்வளவுதான்!" என்று சித்தி சிரித்தாள். அந்தக் கதவு மூடிய பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் வாடிக்கையாளர் எங்கள் வடசேரியிலேயே கிடைத்தார். வடசேரிக் கோயில் நகையைப் பற்றிச் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஒட்டியாணம் என்று சிவப்புக் கல் பதித்துச் செய்வார்கள். முன்பு அம்மன்களுக்குச் செய்தது. பிறகு பரத நாட்டியப் பெண்களுக்கும். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் இந்த வேலையில் கெட்டிக்காரர். அவருடைய நகைகளைச் சாதாரணக் காமிராவில் படம் பிடித்து, ஸ்டூடியோவில் கழுவி, ஸ்கேன் செய்து, சித்தி பக்கம் கட்டினாள். இலவசமாக இடம் கொடுத்து வந்த 'ஜியோசிட்டீஸ்' என்ற தளத்தில் அதை ஏற்றினாள். அந்தத் தளம் 2009-ல் மறைந்துவிட்டது. அது வேறு விஷயம்.

தமிழில் எழுத ஆசைப்பட்டாள். முடியவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிவிட்டார் என்றாலும், ஆளுக்கு ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. நம்முடைய எழுத்துரு எதிராளியின் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தமிழ் கீரைப்பாத்தி மாதிரி தெரியும். ஆகவே விவரமெல்லாம் ஆங்கிலத்தில்; 'வடசேரி' என்ற தலைப்பை மட்டும் படமாக வரைந்து போட்டாள்.

ஐந்து வாரம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு நாட்டிய ஆசிரியை விலை விசாரித்து மின்னஞ்சல் அனுப்பினார். அப்புறம் தபாலில் வங்கி டிராப்ட் வந்தது. பெரியவர் சித்திக்கு 1,500 ரூபாய் கொடுத்தார். அன்று மாலை சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தாள். முதல் வரியில் எழுதினாள்: '1999 ஆகஸ்டு: அம்மைக்குக் கொடுத்தது 500.' ஆச்சி பணத்தை எண்ணிப் பார்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்போதும் ஒன்றும் பேசவில்லை.

இப்படி மாதா மாதம் நடந்தது. கார்த்திகை மாதம் வேலை ஒன்றும் வரவில்லை. ஆனாலும் சித்தி 500 ரூபாயைக் கொண்டு வந்து நீட்டினாள். ஆச்சி பணத்தைப் பார்க்கவில்லை. சித்தியின் கையைப் பார்த்தாள்.

"வளையல் எங்கே மக்கா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அடகுக் கடையில் இருந்தது வளையல். ஆச்சி அந்த 500 ரூபாயைத் திருப்பி அவள் கையில் வைத்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி முதல் தடவையாகப் பேசினாள்:

"இல்லேண்ணா இல்லேண்ணு எழுது. இன்னொருத்தங்கிட்ட வாங்கி எனக்குத் தராண்டாம். உன் கம்பெனிக்காரன் அதைத்தானே செய்தான்?"

நாலாம் வகுப்புப் படித்த ஆச்சி! நிதி நிறுவனங்கள் கவிழ்ந்ததற்கு என்ன காரணம் என்று நான் மேலே ஒரு பத்தி எழுதினேன் அல்லவா? அதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். சித்தி வளையலை மீட்டுக்கொண்டு வந்தாள். நோட்டில் அந்த மாதத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதினாள். ஆச்சி அதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெறும் என்பது சில மாதங்களில் தெரிந்தது. இணையம் என்றால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்த சமயம். 1999 நவம்பரில் 'இந்தியா வேர்ல்டு' என்ற இணையத்தள நிறுவனத்தைச் சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு விலை பேசியது. 2000 ஜனவரி 1-ல் கன்னியாகுமரிக் கடலில் 133 அடித் திருவள்ளுவர் சிலை திறந்ததும், தங்கும் விடுதிக்காரர்கள் இரண்டு பேர் பக்கம் கட்டித் தரச் சொல்லிச் சித்தியைத் தேடி வந்தார்கள். அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, சென்னையில் புதிதாக ஆரம்பித்திருந்த ஓர் இணைய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மாதம் 18,000 ரூபாய் சம்பளம், மேற்கொண்டு பங்குகள். வீடு முழுவதும் அமளி. சித்தப்பா மாற்றல் கேட்க விண்ணப்பமே எழுதிவிட்டார்!

சித்தி சென்னைக்குப் போய் அவர்களைப் பார்த்தாள். மேஜை, நாற்காலி, ஏர்கண்டிஷன் எல்லாம் பிரமாதம். பழைய கணக்கர் புத்தி சும்மா இருக்குமா?

"உங்களுக்கு வரவு யாரிடமிருந்து வருகிறது?" என்று கேட்டாள்.

"அடுத்த மாதம் புதிதாக ஒரு முதலீட்டாளர் வருகிறார்."

"அது முதல். நான் கேட்டது வரவு."

அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். சித்தி அன்று இரவே ரயில் ஏறிவிட்டாள். ஊரெல்லாம் அவளை அசடு என்றது. அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச் 10-ல் 5,048 புள்ளியைத் தொட்டு, பிறகு சரியத் தொடங்கி, 2002 அக்டோபரில் ஏறக்குறைய 1,114-க்கு வந்து நின்றது. சரிவு சென்னை வரைக்கும் எட்டியது. அந்த நிறுவனம் 2001-ல் மூடப்பட்டது. சித்தி வடசேரியில் விடுதிக்கும் நகைக்கும் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். சிறிய வரவுதான். ஆனால் அது வரவு.

பிற்காலத்தில் நான் பத்திரிகை வேலைக்கு வந்து, பணத் துறையை விட்டு இணையத்துக்குப் போன பெரிய மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஆச்சியின் நோட்டுதான் ஞாபகம் வரும். அமேசான் ஜெஃப் பெசோஸ் 1994-ல் நியூயார்க்கில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தார். வயது 30. அதை விட்டுவிட்டுப் புத்தகம் விற்க இணையக் கடை வைக்கக் கிளம்பினார். இந்தக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவருடைய அப்போதைய மனைவி மெக்கன்ஸியும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் என்பதும், அவரும் கூடவே கிளம்பினார் என்பதும், சியாட்டில் நகரத்துக்கு அவர் கார் ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து கணவர் திட்டம் எழுதினார் என்பதும், ஆரம்ப நாட்களில் கடையின் கணக்கைப் பார்த்தவர் அவரே என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெசோஸ் தம் பெற்றோரிடமும் பணம் வாங்கினார். வாங்கும்போதே, 'இந்தப் பணம் திரும்பி வராமல் போக 70 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது' என்று சொல்லிவிட்டார். 24 சதவீதம் நிச்சயம் என்று பலகை மாட்டியவர்களுக்கும் இவருக்கும் எவ்வளவு வித்தியாசம்!

நம் நாட்டிலேயே ஃபால்குனி நாயர் இருக்கிறார். கோடக் மகிந்திரா நிறுவனத்தில் ஏறக்குறைய இருபது வருஷம் இருந்து, மற்றவர்களுடைய கம்பெனிகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 2012-ல், அழகுப் பொருள் விற்கும் 'நைக்கா' தளத்தைத் தொடங்கினார். 2021 நவம்பரில் அதுவே பங்குச் சந்தைக்கு வந்தது. பழைய தொழிலை அவர் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டா உள்ளே போனார்? கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

சித்தியின் நோட்டுக்கு வருவோம். 2006 அக்டோபரில் கடைசி 500 ரூபாயைக் கொடுத்தாள். எண்பது தவணை. இடையில் ஏழு மாதம் 'இல்லை.' ஆச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, "முதல் வந்தாச்சு. வட்டி எங்கே?" என்றாள். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயராதே மக்கா. நீ இத்தனை வருஷமா என்ன செய்யுகாண்ணு எனக்கு ஒருக்கக் காட்டு. அதான் வட்டி."

சித்தப்பாவின் சேமநிதிக் கடனில் வாங்கிய கம்ப்யூட்டரில் நகைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெற்றிச்சுட்டியிலிருந்து ஒட்டியாணம் வரையில் நிதானமாகப் பார்த்தாள். "கொள்ளாம்" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இன்று சித்தி கட்டிய மாதிரிப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம். அச்சு அச்சாகத் தயாராகக் கிடைக்கிறது. அந்தத் தொழிலும் அவளை விட்டுப் போயிற்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, இணையத்தில் ஊறுகாயும் புடவையும் விற்கிற பெண்கள் கணக்குத் தெரியாமல் திணறினார்கள். சித்தி அவர்களுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். இப்போதும் எழுதுகிறாள். ஆமாம், சுற்றிச் சுற்றிக் கணக்குக்கே வந்துவிட்டாள்! ஆனால் இன்னொருவன் பெட்டிக்குச் சாட்சி சொல்வதற்காக அல்ல; அவரவர் பெட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அவரவருக்கே காட்டுவதற்காக.

ஆச்சி இப்போது இல்லை. அந்த நாற்பது பக்க நோட்டு என்னிடம் இருக்கிறது. புரட்டும்போதெல்லாம் அந்த எண்பது 500-களைவிட, ஏழு 'இல்லை'களில்தான் என் கண் நிற்கிறது.

ஆகவே, கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த அம்மணி! தாராளமாக மாறுங்கள். பன்னிரண்டு வருஷக் கணக்கு எங்கும் போய்விடாது, கூடவே வரும். ஆனால் புதிய இடத்தில் யார், எதற்காக, உங்களுக்குப் பணம் தருவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது வரவா, வெறும் முதலா என்று பாருங்கள். எத்தனை மாதம் 'இல்லை' என்று எழுத உங்கள் வீடு தாங்கும் என்பதை, ஒளிக்காமல், வீட்டிலுள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர்களும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும்.

பதில் இவ்வளவு தாமதமாக வந்ததற்கு மன்னிக்க வேண்டும். குற்றம் என்னுடையதல்ல, போளியுடையது.